திறமூல மென்பொருளை எப்போது வெளியிடலாம், யாருக்கு முதலில் கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் திறமூல மென்பொருள் (மூல நிரலை யாரும் படிக்க, மாற்ற, பகிர உரிமை தருவது) எழுதும் சிறு குழுக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கடைக் கணக்கு, கோயில் நன்கொடை ரசீது, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கச் சந்தா என உள்ளூர்த் தேவைக்கு எழுதப்படும் மென்பொருளை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பெரிய திட்டங்களின் வழக்கம் கைகொடுக்கும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறோம்.

வெளியீட்டு நிபந்தனை என்றால் வழுவே (நிரல் பிழை) இருக்கக்கூடாது என்று பொருளா?

இல்லை. அப்படி எழுதினால் எந்தப் பதிப்பும் வெளியே வராது. "இவையெல்லாம் தேறினால் வெளியிடலாம், ஒன்று தவறினாலும் நிறுத்த வேண்டும்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பட்டியல்தான் வெளியீட்டு நிபந்தனை. ஒவ்வொரு வரிக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடிய வேண்டும். "ரசீது நன்றாக அச்சாக வேண்டும்" என்பது வெறும் ஆசை. "58 மில்லிமீட்டர் தாளில் 20 வரித் தமிழ் ரசீது எழுத்து உடையாமல் வர வேண்டும்" என்பது நிபந்தனை.

பட்டியலை வேலை தொடங்கும்போதே எழுதுங்கள். வெளியீட்டு வாரத்தில் எழுத உட்கார்ந்தால், எல்லாரும் களைத்திருக்கும் நேரத்தில் எந்த வழுவும் சின்னதாகத்தான் தெரியும்.

எங்கள் குழுவில் மூன்றே பேர். இதெல்லாம் தேவையா?

மூன்று பேர் என்பதால்தான் தேவை. பெரிய குழுவில் ஒருவர் சறுக்கினால் இன்னொருவர் பிடிப்பார். மூவரில் ஒருவர் பாலேக் கம்போங் (சொந்த ஊர்) போய்விட்டால் மிச்சம் இருவர். நள்ளிரவில் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் "எப்ப வரும்?" என்று கேட்கும்போது, "இன்னும் இரண்டு நிபந்தனை தேறவில்லை" என்று சொல்ல ஒரு காகிதம் வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பத்து வரி போதும்.

சரி, அந்தப் பத்து வரியில் என்ன எழுதுவது?

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம்: எல்லாத் தானியங்கிச் சோதனைகளும் தேற வேண்டும், புதிய கணினியில் நிறுவ முடிய வேண்டும், முந்தைய நிலையான பதிப்பிலிருந்து தரவு இழப்பின்றி மேம்படுத்த முடிய வேண்டும், மாற்றக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும், உரிமக் கோப்பு உள்ளே இருக்க வேண்டும். இவற்றை எந்தத் திட்டத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளூர் நிபந்தனைகளை மட்டும் வெளியூர்ப் பட்டியலில் தேடிக் கிடைக்காது. நாங்கள் கட்டாயம் சேர்க்கச் சொல்பவை:

ஐந்து சென் முழுமையாக்கம். 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. சோதனைக்கு நான்கு தொகை போதும்: 12.02 வெள்ளி (ரிங்கிட்) 12.00 ஆக வேண்டும், 12.03 என்பது 12.05, 12.07 என்பதும் 12.05, 12.08 என்பது 12.10. அடிக்கடி நடக்கும் தவறு, மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு பொருளின் விலையையும் முழுமையாக்குவது. பத்துப் பொருள் வாங்கினால் கணக்கு இருபது சென் வரை தள்ளிப்போகும். கடைக்காரர் அன்றிரவு கல்லாவை எண்ணும்போதுதான் அது தெரியும்.

அடையாள அட்டை எண். பன்னிரண்டு இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி, ஆண்டு முன்னால் வரும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் சுழியில் தொடங்கும். அதை எண்ணாகச் சேமித்தால் சுழி விழுந்து பதினோரு இலக்கமோ அதைவிடக் குறைவோ ஆகிவிடும். எழுத்துச் சரமாகவே வைக்க வேண்டும். எக்செல் கோப்பாக ஏற்றுமதி செய்து, திறந்து, மீண்டும் இறக்குமதி செய்யும் சோதனையும் வேண்டும்; சுழி பெரும்பாலும் அந்த வழியில்தான் தொலைகிறது.

பெயரில் வரும் சாய்கோடு. நம்மவர் பெயரில் "ஏ/எல்" (இன்னாரின் மகன்), "ஏ/பி" (இன்னாரின் மகள்) இருக்கும். ரசீதை உறுப்பினர் பெயரிலேயே பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் நிரலுக்கு அந்தக் கோடு கோப்புறைப் பிரிப்பானாகத் தெரியும். சேமிப்பு தோற்கும், அல்லது எங்கோ ஒரு கோப்புறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

தமிழ்த் தேடல். "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு வேறு. யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றிச் சேமித்தால் இது தீரும். ஸ்ரீ அப்படித் தீராது: சில விசைப்பலகைகள் "ஸ" வைத்தும் சில "ஶ" வைத்தும் அதை எழுதுகின்றன, என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்காது. தேடும் இடத்தில் நீங்களே இணைக்க வேண்டும். கோயில் உறுப்பினர் பட்டியலில் எத்தனை ஸ்ரீ இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அச்சு. மலிவான வெப்ப அச்சு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது. ரசீதைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். 58, 80 மில்லிமீட்டர் இரண்டிலும் உண்மையான தாளில் அச்சடித்துப் பாருங்கள். திரையில் பார்த்ததை வைத்து ஆம் போடாதீர்கள்.

எந்த வழு வெளியீட்டை நிறுத்த வேண்டும்?

ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தின் முறை பின்பற்றத் தக்கது. எழுதி வைத்த நிபந்தனையை மீறும் வழுதான் அங்கே தடை வழு. யாருக்கு எவ்வளவு எரிச்சல் என்பது கணக்கில் வராது. வெளியீட்டுக்கு முன் ஒரு கூட்டம் கூடி, போகலாமா வேண்டாமா என்று அந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்கிறார்கள். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்திலும் வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையான வழுக்களுக்குத் தனி வகை உண்டு.

சிறு திட்டத்துக்கு நான்கு வகை போதும்: தரவு போகிறது, பணக் கணக்கு தவறுகிறது, நிறுவவோ மேம்படுத்தவோ முடியவில்லை, பாதுகாப்பு ஓட்டை. இந்த நான்கில் அடங்காத வழு தானாக நிறுத்தாது. நிறுத்தியே ஆக வேண்டும் என்று யாராவது நினைத்தால், நிபந்தனைப் பட்டியலில் புதுவரி சேர்க்கச் சொல்லி வாதாட வேண்டும்.

பழைய நிலையான பதிப்பிலும் இருந்த வழு என்றால்? மோசமாகவில்லை என்றால் அதற்காக நிறுத்த வேண்டாம். பழைய பதிப்பிலும் அது இருக்கத்தானே செய்கிறது, புதியதைத் தடுத்து என்ன பயன்? மேலே சொன்ன நான்கு வகைக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

முடிவு செய்பவர் இருவர், அதில் ஒருவர் அந்த நிரலை எழுதாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல திறமூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையில் ஒரு வெளியீட்டுக்குக் குறைந்தது மூன்று ஆதரவு வாக்கு வேண்டும், எதிர்ப்பை விட ஆதரவு கூடுதலாக இருக்க வேண்டும், வாக்கெடுப்பு வழக்கமாக 72 மணி நேரமாவது திறந்திருக்கும். தனி ஒருவர் ரத்து அதிகாரத்தால் வெளியீட்டைத் தடுக்க முடியாது.

தேதியை வைத்து வெளியிடுவதா, அம்சங்கள் முடிந்ததும் வெளியிடுவதா?

தேதி. முடியாத அம்சம் அடுத்த பதிப்புக்குப் போகட்டும். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருகிறது. 2006இல் ஒரு முறை மட்டும் நீண்டகால ஆதரவுப் பதிப்பை நன்றாக முடிக்க வேண்டும் என்று ஏப்ரலிலிருந்து ஜூனுக்குத் தள்ளினார்கள், பதிப்பு எண்ணும் (ஆண்டு, மாதம்) 6.06 ஆயிற்று. லினக்ஸ் கருநிரலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) புதிய அம்சங்களைச் சேர்க்க இரண்டு வாரம்தான். அதன் பிறகு வாரம் ஒரு வெளியீட்டு வேட்பாளர் (இறுதிக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), வழக்கமாக ஏழோ எட்டோ ஆனதும் இறுதிப் பதிப்பு. அடுத்த ரயில் எப்போது என்று தெரிந்தால் யாரும் கதவில் தொங்க மாட்டார்கள்.

அரசாங்கமே தேதி வைத்துவிடும் மாற்றங்கள் தனி வகை. 2024 மார்ச் 1இல் சேவை வரி 6 சதவீதத்திலிருந்து 8 ஆனது. அதே சமயம் உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம், தளவாடச் சேவைகளுக்கு 6 சதவீதமே நீடித்தது. நிரலில் ஒரே இடத்தில் 6 என்று எழுதி வைத்து அதை 8 என மாற்றியிருந்தால், தங்கும் விடுதிக்குச் சரி, கீழ்மாடி உணவகத்துக்குத் தவறு.

இன்னொரு கண்ணி நேர வலயம். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால் நம்மைவிட எட்டு மணி நேரம் பின்தங்கியிருக்கும். நமக்கு மார்ச் 1 பிறந்த நள்ளிரவிலிருந்து காலை 8 மணி வரை அதற்குப் பிப்ரவரி 29தான். விடுதி முகப்பில் அந்த எட்டு மணி நேரமும் பழைய விகிதத்திலேயே பில் போகும். ஆகவே வரி சார்ந்த பதிப்புக்கு நிபந்தனை இப்படி இருக்க வேண்டும்: விகிதமும் அது தொடங்கும் நேரமும் தரவாக இருக்க வேண்டும், நிரலுக்குள் இருக்கக்கூடாது; கடிகாரத்தைக் கோலாலம்பூர் நேரம் இரவு 11.59க்கும் 12.01க்கும் வைத்துச் சோதித்திருக்க வேண்டும். பதிப்பு குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே பயனர் கையில் இருக்க வேண்டும். மின்விலைப்பட்டியல் கட்டாயமும் 2024 ஆகஸ்ட் 1இலிருந்து ஆண்டு வருவாயின் அளவைப் பொறுத்துக் கட்டங்கட்டமாகத்தான் வந்தது. ஒரே மென்பொருளைப் பயன்படுத்தும் இரு கடைகளுக்கு வெவ்வேறு தொடக்க நாள் இருக்கலாம்.

ஆல்பா, பீட்டா, வெளியீட்டு வேட்பாளர்: மூன்றும் பெயரளவில்தான் வேறுபடுகின்றனவா?

பல திட்டங்களில் அப்படித்தான் ஆகிவிட்டது. எதை மாற்ற அனுமதி என்பதை வைத்துப் பிரித்தால் பெயருக்குப் பொருள் கிடைக்கும். ஆல்பாவில் எதுவும் மாறலாம், தரவு வடிவம் உட்பட. பீட்டாவில் புதிய அம்சம் கிடையாது, தரவு வடிவமும் மாறாது. வேட்பாளரில் தடை வழுவுக்கான திருத்தம் மட்டும்.

வேட்பாளரில் ஒரு வரி திருத்தினாலும் அடுத்த வேட்பாளர் வெளியிட்டு, சோதனைக்கான ஏழு நாளை மறுபடி எண்ண வேண்டும். "சின்னத் திருத்தம்தானே" என்று முதல் வேட்பாளரிலிருந்து நேரே இறுதிக்குத் தாவும்போதுதான் அடி விழுகிறது, ஏனென்றால் அந்தத் திருத்தத்தை யாருமே ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசி வேட்பாளருக்கும் இறுதிப் பதிப்புக்கும் இடையே பதிப்பு எண்ணைத் தவிர வேறு வித்தியாசம் இருக்கக்கூடாது.

பீட்டாவை எத்தனை நாள் விடுவது?

பயனரின் வேலைச் சுற்று ஒன்று முழுமையாக முடியும் வரை. கடைக் கணக்கு என்றால் ஒரு மாத முடிவைக் கடக்காத பீட்டா பாதிச் சோதனைதான். சங்கச் சந்தா என்றால் ஒரு நிலுவைக் கடிதச் சுற்று. ரஸ்ட் மொழி ஆறு வாரம் வைக்கிறது. பைத்தானில் மே மாதம் முதல் பீட்டா, அக்டோபரில் இறுதி. அவர்களின் நாள் கணக்கை நகலெடுக்க வேண்டாம், உங்கள் பயனரின் நாள்காட்டியைப் பாருங்கள்.

பதிப்பு எண்ணில் என்ன தவறு நடக்கும்?

நிறைய. முதலாவது புள்ளி. "பீட்டா.2", "பீட்டா.11" என்று புள்ளி வைத்து எழுதினால் பதிப்பு எண்களுக்கான செம்வெர் விதிப்படி 2 முன்னால், 11 பின்னால். புள்ளியில்லாமல் "பீட்டா2", "பீட்டா11" என்று ஒட்டி எழுதினால் எழுத்து வரிசையில் ஒப்பிடப்பட்டு 11 பழையதாகிவிடும். ஒன்பதாவது பீட்டா வரை எல்லாம் ஒழுங்காகப் போவதுபோல் இருக்கும். பத்தாவதிலேயே மேம்படுத்தும் நிரல் "புதிதாக எதுவும் இல்லை" என்று சொல்லிவிடும்.

இரண்டாவது, பொதியகத்தின் (மென்பொருள் பொதிகளைப் பகிரும் தளம்) இயல்பு. பைத்தானின் நிறுவுகருவி பிப், பயனர் கேட்டாலொழிய முன்பதிப்பை (பீட்டா போன்றவற்றை) நிறுவாது. ஆனால் உங்கள் பொதிக்கு நிலையான பதிப்பே இல்லை, முன்பதிப்புகள் மட்டும்தான் என்றால் அதையே நிறுவிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான என்பிஎம்மின் பழைய பதிப்புகளில் குறிச்சொல் கொடுக்காமல் பீட்டாவைப் பதிவேற்றினால் அதுவே "லேட்டஸ்ட்" ஆகி எல்லாருக்கும் போய்ச் சேரும். "நெக்ஸ்ட்" என்று குறிப்பிட்டே பதிவேற்றுங்கள்.

மூன்றாவது, ஆண்ட்ராய்டு. பயனர் பார்க்கும் பதிப்புப் பெயர் வேறு, உள்ளே இருக்கும் பதிப்புக் குறியெண் வேறு. குறியெண் ஏறிக்கொண்டே போக வேண்டும். பீட்டாவுக்கு 210 கொடுத்துவிட்டு நிலையான பதிப்பின் அவசரத் திருத்தத்துக்கு 205 கொடுத்தால், பீட்டாவில் இருப்பவர்களுக்கு அந்தத் திருத்தம் போகவே போகாது.

டேக் (நிரலில் பதிப்பைக் குறிக்கும் முத்திரை) போட்டு அரை மணி நேரத்தில் ஒரு தவறு தெரிந்தது. அதே எண்ணில் மாற்றிப் போடலாமா?

கூடாது. யாரும் இறக்கியிருக்க மாட்டார்கள் என்பது நம் நினைப்பு. கண்ணாடித் தளங்களும் (நகல் தளங்கள்) தானியங்கிகளும் நிமிடங்களில் எடுத்துவிடும். ஒரே எண்ணில் இரண்டு கோப்பு உலவினால் எந்த வழு எதில் என்று யாராலும் சொல்ல முடியாது, செக்சம் (கோப்பின் சரிபார்ப்பு எண்) சரிபார்ப்பவருக்கு அது தாக்குதல் போலவே தெரியும். பைத்தான் பொதிகளுக்கான பைபிஐ தளம் கோப்பை அழித்த பிறகும் அதே பெயரில் மறுபடி ஏற்ற விடாது. எண்ணுக்குப் பஞ்சமில்லை, அடுத்ததைப் போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் எப்போதும் கடைசி நேரத்தில் திணறுகிறார்கள். என்ன செய்வது?

சொற்றொடர் உறைவு என்று ஒரு நாளை வையுங்கள். அதற்குப் பிறகு திரையில் வரும் எந்த வரியையும் நிரலர் மாற்றக்கூடாது. இறுதிப் பதிப்புக்கு இரண்டு வாரம் முன்பு வைப்பது நம் ஊருக்கு ஒத்துவரும், ஏனென்றால் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நான்கும் ஒரே நபரிடம் இருப்பதில்லை. தமிழ்ச் சொல் நீளமானது. "சேவ்" இருந்த பொத்தானில் "சேமிக்கவும்" நுழையாது. ஐந்து அங்குலக் கைப்பேசியில் எல்லாத் திரையையும் தமிழில் ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்பதையும் நிபந்தனையில் சேருங்கள்.

ஏர்லி அக்சஸ் (வெளியீட்டுக்கு முன்பே பயன்படுத்தும் வாய்ப்பு) யாருக்குக் கொடுப்பது, எத்தனை பேருக்கு?

தலை எண்ணிக்கையைவிடச் சூழல் வேறுபாடு முக்கியம். ஒரே மாதிரிக் கணினி வைத்திருக்கும் முப்பது நண்பர்களைவிட, பழைய கைப்பேசி ஒருவர், 80 மில்லிமீட்டர் அச்சு இயந்திரம் ஒருவர், இணையம் விட்டுவிட்டு வரும் கடை ஒன்று, மூவாயிரம் உறுப்பினர் கொண்ட கோயில் ஒன்று என நான்கு இடம் பயனுள்ளது. கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால் அவர்களே ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள்: பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 12 சோதனையாளர், தொடர்ந்து 14 நாள். பதின்மூன்றாவது நாள் ஒருவர் விலகினால் எண்ணிக்கை உடையும். பதினைந்து பேரைச் சேர்த்து வையுங்கள்.

கொள்கையில் மூன்று எழுதப்பட்டிருக்க வேண்டும்: அவருக்கு என்ன கிடைக்கும், அவர் என்ன செய்ய வேண்டும், எப்படி முடியும். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட்டில் ஒரு பீட்டா 90 நாளில் தானாகக் காலாவதியாகிவிடும். நீங்கள் நேரடியாகக் கொடுக்கும் கோப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. இரண்டு ஆண்டு கழித்தும் யாரோ ஒருவர் மூன்றாவது பீட்டாவில் பில் போட்டுக்கொண்டிருப்பார். 90 நாளுக்குப் பின் எச்சரிக்கை காட்டும் நிரலைச் சேருங்கள். எச்சரிக்கை மட்டும், பூட்டிவிடாதீர்கள், வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது கல்லா பூட்டிக்கொள்ளக் கூடாது.

பீட்டாவிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா என்று கேட்கிறார்கள்.

முடிய வேண்டும். முடியாவிட்டால் அதைப் பதிவிறக்கப் பொத்தானுக்கு மேலேயே எழுத வேண்டும். திரும்பும் வழி இல்லாத ஏர்லி அக்சஸ், பயனரைச் சோதனை எலியாக்குவது.

ஆண்ட்ராய்டில் சாதாரணமாகப் பழைய பதிப்பை மேலே நிறுவ முடியாது, நீக்கிவிட்டுத்தான் நிறுவ வேண்டும், நீக்கினால் தரவும் போகும். எனவே பீட்டாவுக்கு வேறு பயன்பாட்டு அடையாளமும் வேறு நிறச் சின்னமும் கொடுத்து, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி செய்யுங்கள்.

கணினியில் தரவுத்தளம்தான் சிக்கல். புதிய பதிப்பு முதல்முறை திறக்கும்போது தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து, பழைய பதிப்பு எண்ணையும் தேதியையும் பெயரில் வைத்துச் சேமிக்க வேண்டும். எஸ்கியூலைட் தரவுத்தளம் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: முன்னெழுதுப் பதிவு (WAL) முறையில் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால், அண்மையில் பதிந்தவை பக்கத்துக் கோப்பிலேயே தங்கிவிடும். பிரதி திறக்கும், கணக்கும் காட்டும், கடைசி சில ரசீதுகள் மட்டும் இருக்காது. அதற்கென்று உள்ள காப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அடுத்தது, தரவு வடிவத்துக்கு ஓர் எண். தன் எண்ணைவிடப் பெரிய எண்ணைக் காணும் பழைய பதிப்பு "இது புதிய வடிவம், திறக்கமாட்டேன்" என்று நின்றுவிட வேண்டும். முயன்று பார்க்கவே கூடாது. தரவு கெடுவது பெரும்பாலும் அந்த முயற்சியில்தான்.

சோதனையாளருக்கு உண்மையான உறுப்பினர் பட்டியலை அனுப்பாதீர்கள். போலிப் பெயர், போலி அடையாள அட்டை எண் கொண்ட ஐந்நூறு பதிவை ஒருமுறை உருவாக்கி வைத்தால் ஆண்டுக்கணக்கில் உதவும்.

பணம் வாங்கிக்கொண்டு முன்பதிப்பு கொடுக்கலாமா? திறமூலத்துக்கு அது முரணாகாதா?

கொடுக்கலாம், முரணில்லை. ஜிபிஎல் என்ற திறமூல உரிமம் விற்பதைத் தடுக்கவில்லை. ஆனால் காசு கொடுத்தவருக்கு மூல நிரலையும் கொடுக்க வேண்டும், அவர் அதை மறுநாளே ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தால் நீங்கள் தடுக்க முடியாது. ஆக நீங்கள் விற்பது நேரத்தையும் வசதியையும்தான்: தொகுத்த கோப்பு, நிறுவித் தருவது, கேள்விக்கு முதலில் பதில். மாதம் பத்து வெள்ளிக்கு அதை வாங்க ஆள் உண்டு.

எப்போது எல்லாருக்கும் திறக்கப்படும் என்பதைத் தேதியாகச் சொல்லிவிடுங்கள். "அதிகபட்சம் 60 நாள்" என்பது நல்ல விதி. "போதிய ஆதரவு கிடைத்ததும்" என்பது விதியே இல்லை. பாதுகாப்புத் திருத்தத்தைக் காசுக்குப் பின்னால் வைக்கவே வைக்காதீர்கள்.

சிலர் பிசினஸ் சோர்ஸ் உரிமத்தைப் பரிந்துரைப்பார்கள். அதில் குறிப்பிட்ட நாள் வரை கட்டுப்பாடு, அதிகபட்சம் நான்கு ஆண்டு கழித்துத் திறமூலமாக மாறும். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் அதற்கு மாறியபோது பெரிய சர்ச்சை. அந்த இடைக்காலத்தில் அது திறமூலம் அல்ல. பக்கத்தில் "திறமூலம்" என்று எழுதிக்கொள்ள முடியாது. பிறர் ஜிபிஎல்லில் கொடுத்த நிரல் உள்ளே இருந்தால் அவர்கள் அனைவரின் ஒப்புதல் இல்லாமல் மாறவும் முடியாது.

முன்பதிப்பை யாரிடமும் காட்டமாட்டேன் என்று கையெழுத்து வாங்கலாமா?

ஜிபிஎல் நிரலுக்கு முடியாது. கூடுதல் கட்டுப்பாடு விதிப்பதை உரிமமே மறுக்கிறது. "பொதுவில் பகிர வேண்டாம், வழுக்கள் இன்னும் தீரவில்லை" என்று கேட்டுக்கொள்ளலாம். மலேசியர்கள் பெரும்பாலும் கேட்பார்கள்.

பாதுகாப்பு ஓட்டை என்றால் சிலருக்கு மட்டும் முன்னால் சொல்வது நியாயமா?

நியாயமாக்க ஒரே வழி, யார் அந்தச் சிலர் என்ற தகுதியை ஓட்டை வருவதற்கு முன்பே பொதுவில் எழுதி வைப்பது. மெய்நிகர்க் கணினி மென்பொருளான ஸென் திட்டம் முன்னறிவிப்புப் பட்டியலில் சேரும் தகுதியையும், சேர்ந்திருப்பவர்கள் யார் என்பதையும் வெளிப்படையாக வைத்திருக்கிறது. லினக்ஸ் விநியோகங்களுக்கான தனிப்பட்ட அஞ்சல் பட்டியலில் இரகசியக் காலம் அதிகபட்சம் 14 நாள். காலம் நீண்டால் கசியும்.

உங்கள் அளவுக்கு: உங்கள் மென்பொருளைப் பிறருக்கு நிறுவித் தருபவர்கள், சொந்தமாக மாற்றிக் கொடுப்பவர்கள், அவ்வளவுதான் பட்டியல். நண்பர் என்பதற்காக யாரும் வேண்டாம். ஏழு நாள் போதும். ஓட்டையை யாராவது ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் இரகசியக் காலம் அந்தக் கணமே முடிந்தது.

விவரம் சொல்லாமல் "செவ்வாய்க்கிழமை ஒரு பதிப்பு வரும், தயாராக இருங்கள்" என்று அனைவருக்கும் அறிவிப்பது நல்ல நடுவழி. மறையாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல் 2022 அக்டோபர் 25இல் அப்படி அறிவித்து நவம்பர் 1இல் 3.0.7ஐ வெளியிட்டது. அவர்கள் குறித்த நேரம் நம் ஊரில் இரவு 9 முதல் 1 மணி வரை. முன்பே தெரிந்திருந்தால்தான் யாரை விழித்திருக்கச் சொல்வது என்று முடிவு செய்ய முடியும்.

அவசரத் திருத்தத்துக்கு நிபந்தனைப் பட்டியலைச் சுருக்கலாம், கிழித்துப் போடக் கூடாது. 2021 டிசம்பரில் ஜாவா நூலகமான லாக்4ஜேயின் ஓட்டையை அடைக்க 2.15.0 வந்தது, முழுமையாக அடைபடவில்லை, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த மாதமே தொடர்ந்தது. ஓட்டையைத் தூண்டிக் காட்டும் சோதனை ஒன்று, மேம்படுத்தல் சோதனை ஒன்று: இந்த இரண்டும் எந்த அவசரத்திலும் விடுபடக் கூடாது.

உறுப்பினர் தரவு ஏற்கெனவே கசிந்திருந்தால் மென்பொருள் வெளியீடு இரண்டாம் வேலை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அமைப்பு என்றால், 2025 ஜூன் 1 முதல் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமை இருக்கிறது. அந்தக் கடமை தரவை வைத்திருப்பவருடையது. அவருக்கு அது தெரியுமா என்று நீங்கள் கேட்டு வைப்பது நல்லது.

முன்பதிப்புப் பயனருக்குத்தான் ஆபத்து அதிகமா?

ஆம், மறைக்க வேண்டாம். 2024 மார்ச் 29இல் வெளிப்பட்ட எக்ஸ்ஸெட் என்ற தரவுச் சுருக்க மென்பொருளின் பின்கதவு (இரகசிய நுழைவழி) 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்தது. டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோராவின் முன்பதிப்புகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது, டெபியனின் நிலையான பதிப்பை எட்டவில்லை. எஸ்எஸ்எச் (தொலைக் கணினி இணைப்பு) நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் தோண்டிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

அதில் நமக்கு உதவும் நுணுக்கம் ஒன்று: பின்கதவை இயக்கிவைக்கும் கட்டமைப்புக் கோப்பு கிட் களஞ்சியத்தில் (மூல நிரல் இருக்கும் இடம்) இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தைப் படித்தவர் கண்ணில் படாது. ஆகவே தொகுப்பை யாருடைய மடிக்கணினியிலும் செய்யாதீர்கள். டேக்கிலிருந்து தானியங்கி செய்யட்டும். இரண்டாவது நபர் அதே டேக்கிலிருந்து தனியாகச் செய்து, இரண்டின் ஷா256 (ஒரு வகைச் செக்சம்) மதிப்பும் ஒன்றா என்று பார்க்கட்டும். முதல் தடவை ஒத்துவராது. கோப்புத் தேதிகளும் கோப்பு வரிசையும் மாறியிருக்கும். தேதியைக் கடைசி கமிட் (நிரல் மாற்றப் பதிவு) நேரத்துக்கு நிலைநிறுத்தி, கோப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

வெளியீட்டு நாளில் எந்த வரிசையில் செய்வது?

டேக், தொகுப்பு, ஷா256 ஒப்பீடு, கையொப்பம், பதிவேற்றம், பதிவேற்றியதையே இறக்கி நிறுவிப் பார்ப்பது, அதன் பிறகுதான் அறிவிப்பு. பலர் அறிவிப்பை முதலில் போட்டுவிட்டுப் பதிவேற்றம் தோற்றதும் வியர்க்கிறார்கள்.

செவ்வாய் அல்லது புதன் காலை 10 மணி நல்ல நேரம். வெள்ளி மாலை வேண்டாம். கோயில் ரசீது மென்பொருளில் தைப்பூசத்துக்கு நான்கு வாரம் முன்பிருந்தே புதிய பதிப்பு கூடாது; பத்துமலைக்குக் கூட்டம் போகும் வாரத்தில் நன்கொடை முகப்பில் தன்னார்வலர் புதிய திரையைப் பழகிக்கொண்டிருக்க முடியாது. மளிகைக் கடைக்குத் தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு மூன்றுக்கும் இதே விதி, மூன்று வாரம் போதும்.

வெளியான பிறகு பெரிய வழு தெரிந்தால் திரும்பப் பெற முடியுமா?

முழுமையாக முடியாது. கூகுள் பிளேயில் சதவீதம் வைத்துப் படிப்படியாகக் கொடுத்தால் பாதியில் நிறுத்தலாம்; ஏற்கெனவே பெற்றவர்களுக்கு அது அப்படியேதான் இருக்கும், அவர்களுக்குக் கூடுதல் குறியெண்ணுடன் புதிய பதிப்புதான் அனுப்ப வேண்டும். பைபிஐயில் அழிப்பதைவிட "யாங்க்" செய்வது மேல்: புதிதாக நிறுவுபவருக்குப் போகாது, அந்த எண்ணையே குறிப்பிட்டு நம்பியிருப்பவரின் நிறுவல் உடையாது. மாற்றக் குறிப்பிலிருந்து அந்தப் பதிப்பை நீக்காதீர்கள். ஏன் விலக்கினோம் என்று ஒரு வரி சேருங்கள்.

பழைய பதிப்புக்கு எவ்வளவு காலம் ஆதரவு?

மூன்று பேர் குழு என்றால் நடப்புப் பதிப்பும் அதற்கு முந்தையதும் மட்டும். முந்தையதற்குப் பாதுகாப்பு, பணக் கணக்கு, தரவு வழுக்கள் மட்டும், ஆறு மாதம். ஐந்து ஆண்டு என்று வாக்குக் கொடுக்கச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும்.

இந்த விதிகளை எங்கே வைப்பது, யார் மாற்றலாம்?

நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே, தனிக் கோப்பாக. மாற்றமும் நிரல் மாற்றம் போலவே இருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு சேரட்டும். வேட்பாளர் வெளியான பின் அந்தப் பதிப்புக்கான நிபந்தனையைத் தளர்த்தக் கூடாது என்று அந்தக் கோப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள். தளர்த்த வேண்டும் என்று தோன்றினால் அடுத்த பதிப்பிலிருந்து.